வாரம் ஒரு சின்னக் கேள்வி: வீட்டு நினைவுகளைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு கேள்வி போகும். "சின்ன வயதில் யாருக்கும் தெரியாமல் எதை எடுத்துத் தின்றீர்கள்?" "உங்களை அடித்த வாத்தியார்களில் யாரை இன்னும் பிடிக்கும்?" எல்லாம் இப்படி இலேசான கேள்விகள்தான். கல்லடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் காரைதீவிலும் இருப்பவர்கள், கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் என்று எல்லோரும் நினைவில் வந்ததைச் சொல்வார்கள். அவற்றைச் சேர்த்து எழுதி, பழைய படங்களோடு கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து வாசிக்கிறார்கள்.

தொடங்கிய காலத்தில் எங்களுக்கு வழி சொல்ல ஆள் இருக்கவில்லை. குழு ஒரு மாதத்தில் அடங்கிப்போவது, குரற்பதிவுகள் தொலைபேசியோடு அழிந்துபோவது, அச்சகத்தில் தமிழ் எழுத்துக் குலைந்துபோவது என்று ஒவ்வொன்றிலும் முட்டி மோதித்தான் ஒரு முறைக்கு வந்தோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதைத் தொடங்க நினைக்கும் இன்னொருவர் அந்தப் பாடு படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால், எல்லா ஆயத்தமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழே 2 ஆம் பகுதியில் உள்ள கேள்விகளில் ஒன்றை இன்றைக்கே கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு ஒழுங்காகும்.

1. யாரைச் சேர்ப்பது

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பது வழக்கம். அதனால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் ஒரே வளவுக்குள் அல்லது ஒரே ஒழுங்கைக்குள் இருப்பார்கள். தாய்வழி நினைவுகள் கேட்காமலே வந்து சேரும். தந்தைவழிதான் வறண்டுபோகும். அப்பப்பா என்ன தொழில் செய்தார், அப்பா எந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தார் என்பதெல்லாம் வேறு ஊரில், வேறு மனிதர்களிடம் இருக்கின்றன. ஆகவே பட்டியலை எழுதும்போதே அப்பாவின் உடன்பிறப்புகளில் ஒருவரை, முடிந்தால் மூத்த மாமியை, தேடிப் பிடித்துச் சேருங்கள். அப்பம்மா இருந்தால் அவருக்குத்தான் முதல் இடம்.

ஏற்கெனவே இருக்கும் பெரிய குடும்பக் குழுவில் இதைத் தொடங்காதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே கேள்வி காணாமல் போய்விடும். தனியாக ஒரு குழு ஆரம்பியுங்கள். 6 முதல் 10 பேர் போதும். கைத்தொலைபேசி பாவிக்காத மூத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளையவரைப் பொறுப்பாக விடுங்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறார்கள். பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் சங்கதிகளைக்கூட மூத்தவர்கள் பேரப்பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

சேர்க்கும்போதே எல்லோரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நீங்கள் சொல்வது எழுதப்படும், குடும்பத்துக்குள் அச்சாகும், அச்சுக்குப் போகுமுன் உங்களுக்குக் காட்டப்படும், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். இந்த வாக்கைக் கொடுக்காமல் தொடங்கிய குடும்பங்களில் பின்னால் மனக்கசப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. கேள்வியைச் சின்னதாக வையுங்கள்

முழு முயற்சியும் இதில்தான் தங்கியிருக்கிறது.

"உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான் மகள், என்னத்தைச் சொல்ல" என்ற பதில்தான் வரும். அதற்குமேல் ஒரு சொல் வராது. அவர்களுக்கு நினைவில்லாமல் இல்லை. அவ்வளவு பெரிய கேள்விக்குள் எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கைக்கும் நாக்குக்கும் காலுக்கும் நினைவிருக்கும் ஒன்றைக் கேளுங்கள்.

ஓர் உதாரணம். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரைக்கும் அந்த வழியாகப் படுவான்கரைக்கு, அதாவது வாவியின் மேற்குக் கரைக்கு, போவோர் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். "பாதையில் ஏறி இறங்கும்போது தண்ணீரில் எதை விட்டீர்கள்?" என்று ஒரு வாரம் கேட்டோம். அதற்குச் சின்னம்மா அனுப்பிய குரற்பதிவு நான்கு நிமிடம். கலியாண வீட்டுக்குப் போகும்போது புதுச் செருப்பில் ஒன்று பாதைக்கும் துறைக்கும் இடையில் விழுந்துவிட்டது. மற்றதைக் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கலியாண வீட்டில் பெண்ணின் தாய் அவருடைய காலைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதன் வார் பச்சை நிறமாம். அது யாருடைய கலியாணம் என்று கேட்டபோதுதான், அந்த ஊரில் எங்களுக்கு ஓர் உறவு வீடு இருந்ததே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவந்தது. "அந்த ஊரில் நமக்கு யார் உறவு?" என்று நேராகக் கேட்டிருந்தால் சின்னம்மா இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்.

கேள்வி சரியானதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும், கேள்விக்குள் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும், எந்தப் பதிலாலும் ஒருவருக்கும் தலைகுனிவு வரக் கூடாது. தொடக்கத்துக்குச் சில கேள்விகள் தருகிறேன்.

முதன்முதலில் சொந்தக் காசில் வாங்கிய பொருள் எது, எத்தனை சதம்?
சைக்கிள் பழகும்போது எங்கே விழுந்தீர்கள், யார் பிடித்துக்கொண்டு ஓடினார்?
பிட்டுக்கு எந்தக் கறி என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்குவீர்கள்?
பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன, வைத்தவர் யார்?
வெளியில் சொல்லாமல் பயந்த ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு நாய்?
வானொலியில் உங்கள் பெயர் எப்போதாவது வந்ததா? (பிறந்தநாள் வாழ்த்துக்குத் தபாலட்டை போட்டவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.)
முதன்முதலில் ரயிலில் கொழும்புக்குப் போனபோது கட்டிக்கொண்டு போன சாப்பாடு என்ன?
கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போனீர்களா, யாரோடு?

காலத்தையும் பாருங்கள். சித்திரையில் ஊஞ்சலையும் போர்த்தேங்காயையும் கைவிசேடத்தையும் கேட்டால் பதில் கொட்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், மாரியில் கூரை ஒழுகிய இடத்தில் வைத்த பாத்திரம் என்று ஆண்டு தானாகவே கேள்வி தரும். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று வீடுகளில் நோன்புக் கஞ்சியும் பெருநாள் உடுப்பும் அப்படித்தான். வெள்ளாமை செய்த வீடு என்றால் வாடி (வயலில் தங்கும் குடில்), பரண், சூடடிப்பு (கதிரடிப்பு) ஆகிய மூன்றுக்குள்ளேயே ஓராண்டுக்குக் கேள்வி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் மட்டும் கேட்காதீர்கள். வயலில் நிற்பவருக்குக் கதை சொல்ல நேரமிராது.

முதல் ஆண்டில் தொடவே கூடாதவை: சீதனத்தில் யாருக்கு எவ்வளவு போனது, எந்தக் காணி யாருடையது, எந்தக் குடி (தாய்வழிக் குலம்) பெரியது, யார் யாரை விரும்பினார். இவை நல்ல கதைகள்தான். ஆனால் மருமக்கள் இருக்கும் குழுவில் குடிப்பெருமை பேசத் தொடங்கினால் அடுத்த ஞாயிறு பாதிப் பேர் பேசமாட்டார்கள். காணிக் கதையை எழுத்தில் போட்டால் அது சாட்சியமாகவும் பார்க்கப்படும். அவற்றை நேரில் இருந்து கேளுங்கள்.

3. முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்

கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மற்றவர்களும் சும்மா இருப்பார்கள். கேள்வியோடு சேர்த்து உங்கள் பதிலையும் போடுங்கள். மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

"சின்ன வயதில் ஐஸ்பழம் மிகவும் பிடிக்கும். அது ஒரு பொற்காலம்" என்று நீங்கள் எழுதினால், எல்லோரும் "ஆம், பொற்காலம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பள்ளிக்கூடம் விட்டதும் மதிலோரம் ஐஸ்பழக்காரர் மணி அடிப்பார். சைக்கிள் கரியரில் நீலப் பெட்டி. சிவப்பு ஐஸ்பழம்தான் வாங்குவேன், நாக்குச் சிவக்கும் என்பதற்காக. வீட்டுக்குள் வரும்போதே அம்மம்மா 'வாயைத் திற பார்ப்போம்' என்பார்." ஓர் இடம், ஒரு நேரம், ஒரு நிறம், ஒருவர் வாயால் சொன்ன ஒரு வசனம். இந்த நான்கும் இருந்தால் அது பதில். இதைக் கேட்டவுடன் ஒருவர் அந்த ஐஸ்பழக்காரரின் ஊரைச் சொல்வார், இன்னொருவர் விலையைச் சொல்வார், மூன்றாமவர் இருவரும் சொன்னது பிழை என்பார். அந்த வாக்குவாதத்தையும் விடாமல் எழுதுங்கள். ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

பதில் வராதவரைக் குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தனியாக அழைத்துப் பேசினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

4. நாளும் நேரமும்

கிழமையும் நேரமும் மாறக் கூடாது. எங்களுக்கு ஒத்துவந்தது ஞாயிறு மாலை 7 மணி. அப்போது லண்டனில் கோடைகாலத்தில் பிற்பகல் 2.30, சுவிஸில் 3.30, ரொறன்ரோவில் காலை 9.30. குளிர்காலத்தில் அங்கெல்லாம் மணியை மாற்றுவதால் ஒரு மணித்தியாலம் முந்தும்: ரொறன்ரோவில் காலை 8.30 ஆகிவிடும். மெல்பேர்ன் உறவினருக்கு நம் மாலை 7 மணி நள்ளிரவை ஒட்டிய நேரம்; அவர்கள் திங்கள் காலையில் பதில் சொல்லட்டும். வியாழன் வரைக்கும் பதில் வரலாம் என்று விடுங்கள். வெள்ளியும் சனியும் எழுதுவதற்கு.

மூத்தவரிடம் நேரில் கேட்பதென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலைத் தட்டு முன்னால் இருக்கும் நேரம் நல்லது. மாலையில் தொலைக்காட்சி நாடகம் ஓடும்போது ஒன்றும் நடக்காது.

5. குரலைக் காப்பாற்றுங்கள்

தட்டச்சுச் செய்யச் சொல்லி மூத்தவர்களை வற்புறுத்த வேண்டாம். வட்ஸ்அப் குரற்பதிவு போதும். காணொளியைவிடப் பல மடங்கு சிறியது என்பதால் டேட்டாச் செலவு மிகக் குறைவு. கமரா முன்னால் வரும் கூச்சமும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை. குழுவில் செய்திகள் தாமாக மறையும் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று அதில் தெரிவுகள் உண்டு, யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் பதில்கள் போய்விடும். தொலைபேசி நிரம்பிவிட்டது என்று கோப்புகளை அழிக்கும்போது முதலில் பலியாவது குரற்பதிவுகள்தான். ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரத்துப் பதிவுகளை வெளியே எடுத்து, ஆண்டு, மாதம், நாள், பேசியவர், கேள்வி என்ற ஒழுங்கில் பெயர் மாற்றி வையுங்கள். "2024-08-11 சின்னம்மா பாதை" என்று இருந்தால் பத்து வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். கூகிள் டிரைவில் 15 ஜிபி வரைக்கும் கட்டணமில்லை. குரற்பதிவுக்கு அது நெடுங்காலம் போதும். இன்னொரு பிரதியை யூஎஸ்பியில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள்.

6. அந்த வாரமே எழுதி, ஆண்டையும் போடுங்கள்

கூகிள் விசைப்பலகையில் இலங்கைத் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சு உண்டு. நீங்கள் குரற்பதிவைக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி உங்கள் வாயால் திருப்பிச் சொன்னால் அது எழுதித்தரும். ஊர்ப்பெயர்களையும் நம் பேச்சுச் சொற்களையும் குலைத்துவிடும், திருத்த வேண்டும். மூத்தவரின் சொல்லைப் பாடப்புத்தகத் தமிழாக்கிவிடாதீர்கள். வசனத்தை ஒழுங்குபடுத்தலாம், அவர் வயல்வெளியை "வட்டை" என்றால் "வட்டை" என்றே இருக்கட்டும்.

மிகவும் சிரமமானது ஆண்டு. "அப்போது நான் சின்னப்பிள்ளை" என்பதற்குமேல் வராது. இங்கே எங்கள் மண்ணுக்கு உரிய சில அடையாளங்கள் உதவுகின்றன. 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம். "சூறாவளிக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டால் அடித்துச் சொல்லக்கூடிய பதில் வரும். தென்னை நின்றதா, விழுந்துவிட்டதா, வீடு ஓலையா ஓடா என்பதை வைத்தே சொல்லிவிடுவார்கள். பாண் வரிசையும் கூப்பன் அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் ஒன்றாக வரும் கதை என்றால் அது பெரும்பாலும் 1970களின் முதற்பாதி. வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த கதை 1979 க்கு முந்தியதாக இருக்க முடியாது. கல்லடியில் இரண்டு பாலம் என்று கதையில் வந்தால் அது 2013 க்குப் பிந்தியது.

பிறந்த திகதி குழம்பினால் பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 45632 என்று தொடங்கினால் 1945, பெண், 132 ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் மே 11 வரும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாக இருக்கும். ஆனால் அட்டையில் உள்ள திகதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுத்த திகதியாகவும் இருக்கலாம். சாதகக் குறிப்பு இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட மட்டும் வேண்டாம். அது எங்கெங்கு போகும் என்று சொல்ல முடியாது.

7. பத்திரங்களும் படங்களும்

கதைக்கு ஆதாரம் தேடும்போது பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி, பள்ளித் தேர்ச்சி அறிக்கை, சாதகம், பழைய கடிதங்கள் எல்லாம் பயன்படும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் வேலை இலகு. இல்லாவிட்டால் ஏடுகளைத் தேட வேண்டும், அதற்குக் காலமும் கட்டணமும் கூடும். ஆகவே போகுமுன் வீட்டில் எங்காவது பழைய பிரதி கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் கல்முனையிலோ திருக்கோவிலிலோ பிறந்தவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். சில மூத்தவர்களுக்குப் பிறப்பே பதியப்படவில்லை, உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். அதில் உள்ள ஆண்டு ஒரு மதிப்பீடு என்பதைக் குறித்து வையுங்கள்.

படங்களைப் பொறுத்தவரை, லெமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். பிறகு பிரிக்க முடியாது, உள்ளே ஈரம் இருந்தால் படம் அங்கேயே பழுதாகும். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தை இழுத்துப் பிய்க்காமல், இருந்தபடியே படம் எடுங்கள். காலை வெளிச்சத்தில், சன்னலோரம், மேசையில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுத்தாலே அச்சுக்குப் போதுமான தரம் வரும். ஸ்கேன் செய்வதென்றால் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ என்று கேளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் எடுக்க மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையிலிருந்தே ஆண்டைக் கணித்த சந்தர்ப்பங்கள் உண்டு.

கடல்கோளில் அல்பமெல்லாம் போய்விட்டது என்று சொல்லும் வீடுகள் நாவலடி, கல்லடி, கல்முனை, மருதமுனைக் கரையெங்கும் இருக்கின்றன. அவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் படங்கள் மற்றவர்களின் அல்பத்தில் இருக்கின்றன. 2004 க்கு முன் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் கடிதத்தோடு படங்கள் போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கலியாணப் படத்தின் மூலையில் உங்கள் அம்மம்மா பாக்குவெட்டியோடு உட்கார்ந்திருப்பார். "உங்கள் வீட்டு அல்பத்தில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்பதையே ஒரு வாரக் கேள்வியாக வையுங்கள். ஒரு தாய்க்கு அவருடைய பிள்ளையின் ஒரே படம் இப்படிக் கிடைத்ததை அறிவேன்.

8. சிரிப்பில் தொடங்கி அழுகையில் நிற்கும்போது

இந்த மண்ணில் எவ்வளவு இலேசாகக் கேட்டாலும் இது நடக்கும். "யார் சைக்கிள் பழக்கினார்?" என்று கேட்பீர்கள். "அண்ணா" என்பார். பிறகு பேச்சு வராது. போரில் இரு பக்கமும் பலரை இழந்த 1990 என்ற ஆண்டைத் தொடும்போது தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் குரல் மாறும்.

அந்த இடத்தில் அடுத்த கேள்வி கேட்காதீர்கள். "அழாதீர்கள்" என்றும் சொல்லாதீர்கள். பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் உடனே அழைத்துப் பேசுங்கள். அந்தக் குரற்பதிவை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். சில வாரம் போன பிறகு, நேரில், "அதை எழுதட்டுமா?" என்று ஒரு முறை கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். சிலர் அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொல்வார்கள். இரண்டும் அவர்களுடைய உரிமை.

திரும்பி வராத ஒருவரைப் பற்றி எழுதும்போது "இறந்தார்" என்றோ "காணாமல் போனார்" என்றோ நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தாயும் மனைவியும் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். இன்னும் எதிர்பார்த்திருக்கும் வீட்டில் ஒரு சொல் பெரிய காயமாகும். யார் செய்தார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள் என்ற பெயர்கள் குழுவிலும் அச்சிலும் வரவே கூடாது. "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை மாதம் ஒரு தடவையாவது நினைவூட்டுங்கள். அப்படி ஒரு வாரம் கனத்துப்போனால் அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும். சுறாப் புட்டும் எருமைத் தயிரும் வந்தால் பேச்சு மெல்லத் திரும்பும்.

9. அச்சும் செலவும்

ஓராண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் அச்சிட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நல்ல பதில்களைத் தெரிந்தால் 80 முதல் 100 பக்கத்தில் ஒரு புத்தகம் வரும். எழுத்து மட்டும் உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, படங்களை ஒன்றாகச் சேர்த்து எட்டுப் பக்கம் வண்ணத்தில் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். போட்டோக்கொப்பிக் கடைகளில் கறுப்பு வெள்ளைப் பக்கம் மலிவாக முடிகிறது, வண்ணம் அதைப்போல் பல மடங்கு. இரண்டு மூன்று கடைகளில் கேட்டு, தாளின் கனத்தையும் கட்டும் முறையையும் சேர்த்து விலையை எழுதித்தரச் சொல்லுங்கள். சுருள் கம்பிக் கட்டு மலிவு, ஆனால் நம் கடற்கரைக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் சுருளோ நூற்கட்டோ நல்லது.

அச்சகத்துக்கு வேலை கொடுப்போர் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் எழுத்துரு. நீங்கள் தொலைபேசியில் எழுதுவது யுனிகோட். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது கொம்பு இடம்மாறும், ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையும், பெயர்கள் கெடும். ஆகவே முன்னமே கேளுங்கள்; முடிந்தால் நீங்களே பக்கம் அமைத்துப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். முழுவதையும் அடிக்குமுன் ஒரேயொரு மாதிரிப் பிரதியை எடுத்து ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து வாசியுங்கள். அந்தப் பிரதியைப் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டவும் இரண்டு வாரமாவது வேண்டும். மூத்தவர்களுக்காக எழுத்தளவு 14 க்குக் குறையக் கூடாது. நவம்பர், டிசம்பரில் நாட்காட்டி வேலைகளால் அச்சகங்களில் நெருக்கம் இருக்கும். ஒக்டோபருக்குள் கொடுத்துவிட்டால் தைப்பொங்கலுக்குக் கையில் கிடைக்கும்.

செலவைப் பிரிக்கும்போது வெளிநாட்டு உறவினர் முழுவதையும் தருகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஊரில் இருப்பவர்களிடமும் நூறு இருநூறு ரூபாவாவது பங்காக வாங்குங்கள். அது எல்லோருடைய புத்தகமாக இருக்க வேண்டும்.

பிரதிகளை ஒரே ஊரில் வைக்காதீர்கள். ஒன்று வாவியின் கிழக்கே எழுவான்கரையில், ஒன்று படுவான்கரையில், ஒன்று கடலுக்கும் வாவிக்கும் எட்டாத வேறு மாவட்டத்தில், ஒன்று வெளிநாட்டில். குரற்பதிவுகள் உள்ள யூஎஸ்பியை ஓர் உறையில் போட்டுப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டுங்கள். இரண்டாம் ஆண்டுக் கேள்விகளைத் தயாரிக்கும் பொறுப்பைக் குழுவில் உள்ள ஆக இளைய பிள்ளையிடம் கொடுங்கள். நாங்கள் இந்த ஆண்டு அப்படித்தான் செய்திருக்கிறோம். அவள் போட்டிருக்கும் முதல் கேள்வி, "உங்கள் காலத்தில் பல் விழுந்தால் எங்கே எறிவீர்கள்?"